கிணற்றடியில் ஒரு சமூகக்கல்விப் பாடம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படியொரு மேடைக்கு ஒரு வைத்தியரை அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் புற்றுநோயைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் தலைப்பை எங்கள் விருப்பத்துக்கு விட்டபோது, எங்கள் வகுப்புத் தோழிகள் பலரும் தொலைபேசியில் கலந்து பேசி வேறொன்றைத் தெரிந்தோம். நாங்கள் ‘சமூகக்கல்வி’ என்று படித்த பாடத்தை, இன்று வரலாறு, புவியியல், குடியியல் என்று பிரித்துப் படிப்பிக்கும் அந்தப் பாடங்களை, எந்தப் பிள்ளையையும் வெளியே விடாமல், கேள்வி கேட்டுத் தேடிக் கற்கும் முறையில் எப்படிக் கற்பிக்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

வைத்தியருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். வைத்தியசாலை விடுதியில் நாங்கள் முதன்முதலாகக் கற்ற தொழில் ஊசி போடுவதல்ல. நோயாளியின் அருகில் அமர்ந்து கேட்பது. அதை நாங்கள் ‘ஹிஸ்ட்ரி எடுப்பது’ என்போம். எப்போது தொடங்கியது, முதலில் எங்கே நொந்தது, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா, என்ன வேலை செய்கிறீர்கள், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்போம். பிறகு உடலைப் பரிசோதிப்போம். அதன் பிறகுதான் இது இன்ன நோயாக இருக்கலாம் என்று நினைப்போம். அந்த நினைப்புப் பிழையாக இருந்தால் அதைக் கைவிடச் சான்று எங்கே என்றும் தேடுவோம். சமூகத்தைப் படிப்பதற்கும் இதைவிட நல்ல முறை எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் வகுப்பு 1990களில் இங்கே படித்தது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் விட்ட விளக்கிலே படித்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் கைதடி, செம்மணிப் பாதைகளால் வெளியேறியபோது எங்களிற் பலரின் புத்தகப் பைகள் வீட்டிலேயே கிடந்தன. தென்மராட்சியில் மரத்தடியில் பாடம் நடந்தது. அந்த நிலையிலும் பாடத்திட்டத்தை முடித்துத் தந்த ஆசிரியைகளை நாங்கள் மறக்கவில்லை. அன்று அவர்கள் தந்த திகதிகளும் தேசப்படங்களும் எங்களைப் பரீட்சையில் காப்பாற்றின.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களைச் சுற்றி வரலாறு நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி வகுப்பில் கேட்க முடியாது. கேட்டால் பதில் சொல்பவருக்கும் ஆபத்து, கேட்பவருக்கும் ஆபத்து. ஆகவே வரலாறு என்பது அநுராதபுரத்திலும் பொலநறுவையிலும் பாரிசிலும் நடப்பது, எங்கள் ஒழுங்கையில் நடப்பது வேறு ஏதோ என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இல்லை. எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கலைத்திட்டம் எழுதியவர்கள் இதை அறியாதவர்களல்லர். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றையும் சமூகக்கல்வி என்று ஒன்றாக்கியது. பிள்ளை தன் சூழலை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2007இல் தரம் 6இலும் தரம் 10இலும் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டம் ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை ஆசிரியர் வழிகாட்டிகளிலே எழுதிவைத்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும், பரீட்சையும், முடிக்க வேண்டிய அலகுகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலே ஆசிரியை நிற்கிறார்.

எங்கள் துறையில் எல்லா மாணவர்களுக்கும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1854ஆம் ஆண்டு இலண்டன் சோகோ பகுதியில் கொலரா பரவியது. புறோட் வீதியை அண்டிய சில தெருக்களில் மட்டும் பத்து நாட்களுக்குள் 500க்கு மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்பதே அக்காலத்துப் படித்தவர்களின் முடிவு. ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் தண்ணீரைச் சந்தேகித்தார். இறந்தவர்களின் வீடுகளைத் தேசப்படத்தில் குறித்துப் பார்த்தார். அவை புறோட் வீதித் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன.

அவர் அதோடு நிற்கவில்லை. பொருந்தாத இடங்களைத் தேடினார். பம்புக்கு அருகே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் இல்லத்தில் 5 பேரே இறந்திருந்தனர். ஏன்? அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அருகிலிருந்த மதுபான வடிசாலையில் 70க்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தும் கொலராவால் எவரும் இறக்கவில்லை. ஏன்? அவர்கள் அந்தப் பம்பின் தண்ணீரைக் குடிப்பதில்லை. தூரத்து ஊரில் இருந்த ஒரு விதவைப் பெண் மட்டும் இறந்தார். ஏன்? அந்தத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய்த் தினமும் வண்டியில் வருவித்துக் குடித்தவர் அவர்.

அந்தப் பகுதியில் ஹென்றி வைற்ஹெட் என்ற இளம் குருவானவர் இருந்தார். ஸ்னோ சொல்வது பிழை என்று காட்டவே அவர் வீடு வீடாகப் போனார். ஏழைகளின் வீடுகளும் அவற்றிலிருந்த பெண்களும் அவருக்குப் பழக்கம். கடைசியில் பம்புக்கு முன்னாலிருந்த 40ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு நோய் பரவுவதற்குச் சற்று முன்னர் வயிற்றோட்டம் கண்டு அது பின்னர் இறந்ததையும், குழந்தையின் துணிகளைத் தோய்த்த தண்ணீர் வீட்டுக் கழிவுக் குழிக்குள் ஊற்றப்பட்டதையும் கண்டறிந்தார். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழி கிணற்றிலிருந்து மூன்று அடிக்கும் குறைந்த தூரத்தில் இருந்தது. ஸ்னோவைப் பிழையென்று காட்டப் போனவரே அவர் சரியென்று காட்டினார். அதற்குத் தேவையான செய்தி ஒரு ஏழைத் தாயிடம் இருந்தது. அவரிடம் கேட்க ஒருவர் போக வேண்டியிருந்தது.

செப்ரெம்பர் 8ஆம் திகதி பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. அதனால்தான் கொலரா நின்றது என்று பலர் கதையை முடிப்பார்கள். அதற்கு முன்பே நோய் குறையத் தொடங்கிவிட்டது, மக்கள் அந்த இடத்தை விட்டு ஓடியிருந்தார்கள் என்று ஸ்னோவே எழுதினார். தனக்குச் சாதகமான கதையையும் சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கே அவர் சொன்னார். நம் பிள்ளைகளும் பழகவேண்டிய ஒழுக்கம் இது.

இங்கே நம் ஊரில் பம்புக்குப் பதிலாகக் கிணறு இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்கும் மாரி மழைத்தண்ணீரே நம் உயிர். நன்னீர் கடல் நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். புவியியல், வரலாறு, குடியியல், சுகாதாரம் நான்கும் அந்த ஒரு கிணற்றடியில் சந்திக்கின்றன.

சென்ற ஆண்டு எங்கள் தோழிகள் சிலரும் ஒரு வரலாற்று ஆசிரியையும் சேர்ந்து, தரம் 9 மாணவியர் இருபத்து நால்வரோடு சில சனிக்கிழமைகள் இதைச் செய்து பார்த்தோம். ஆசிரியை கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: “எங்கள் ஊர்க் கிணறுகளில் யார் தண்ணீர் அள்ளினார்கள்?” விடை எவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது என்று முதலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் தேசப்படம். ஊர்க் கிணறுகளையெல்லாம் குறித்தார்கள். துலா இருந்தவை எவை, கப்பி போட்டவை எவை, இன்று மோட்டர் பூட்டியவை எவை, தூர்ந்தவை எவை என்று பிரித்தார்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நீரில் நைத்திரேற்று என்றால் என்ன, அது உரத்திலிருந்தும் குழியிலிருந்தும் எப்படி இறங்குகிறது என்று விளக்கினார். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மீறினால் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே முதலில் ஆபத்து. இதைச் சொன்னபோது தங்கை தம்பி உள்ள பிள்ளைகள் தம் வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கவலையோடு கேட்டார்கள். பரிசோதகர் அந்தக் கிணறுகளின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்தது ஆவணம். வீட்டுக் காணி உறுதியின் பிரதியை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தார்கள். நம் உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காற் பங்கும் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றில் இத்தனை பங்கு, இன்னாருக்கு இன்ன பங்கு என்று பார்த்தபோது, தண்ணீருக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள் என்பது அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

மூன்றாவது பெரியவர்களின் வாய்மொழி. இங்கேதான் பாடம் கனத்தது. ஒழுங்கையில் இருபது யார் இடைவெளியில் இரண்டு பொதுக் கிணறுகள் ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளுடைய அம்மம்மா, “அந்தக் காலத்திலே எல்லாரும் ஒரு கிணற்றிலேதான் அள்ளினோம், ஒரு வித்தியாசமும் இல்லை” என்றார். அதே வாங்கிலிருந்த அவளுடைய சிநேகிதியின் அப்பாச்சி, “அந்தக் கிணற்றுக் கட்டிலே நாங்கள் கை வைக்கேலாது. வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நிற்போம், மனம் வந்தவர் ஊற்றுவார்” என்றார். இரண்டு பிள்ளைகளும் அடுத்த சனிக்கிழமை ஒரே கொப்பியில் இரண்டு விடைகளையும் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஆசிரியையின் கெட்டித்தனத்தை நாங்கள் மெச்சினோம். அவர் எவருடைய அம்மம்மாவையும் பொய்க்காரி ஆக்கவில்லை. இரண்டு விடைகளையும் கரும்பலகையில் எழுதி மூன்று கேள்விகள் கேட்டார். இருவரும் ஒரே காலத்தைத்தான் சொல்கிறார்களா? ஒருவர் நின்ற இடத்திலிருந்து மற்றவருக்கு நடந்தது கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? இருவருக்கும் வெளியே வேறு சான்று உண்டா? ஒரு விதியையும் போட்டார். யார் என்ன சாதி என்று எவரையும் கேட்கக் கூடாது, எழுதக் கூடாது. தண்ணீருக்கு என்ன கட்டுப்பாடு இருந்தது, அது எப்போது மாறியது, யார் மாற்றினார்கள் என்பதே நம் கேள்வி.

பிள்ளைகள் தேடினார்கள். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கைக்கு வந்தது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளின் பின்னும், 1968இல், மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்ததை அறிந்தார்கள். ஒரு பிள்ளை கேட்டாள்: “மிஸ், சட்டம் வந்தால் கிணறு திறந்துவிடும் என்று குடியியல் புத்தகத்தில் இருக்கிற மாதிரித்தானே நாங்கள் நினைப்போம்?” சட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு இனி எவரும் குறிப்புச் சொல்லி எழுதுவிக்க வேண்டியதில்லை.

அவர்கள் எழுதிய முடிவு மிக நிதானமானது. ‘எங்கள் ஊரில் சிலருக்குச் சில கிணறுகள் மறுக்கப்பட்டிருந்தன. அதை அனுபவித்தவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். மற்றவர்களிற் சிலர் அதைக் கண்டதில்லை என்கிறார்கள். வீடுகளில் சொந்தக் கிணறு வெட்டியதும் இடப்பெயர்வும் வழக்கத்தை மாற்றியிருக்கலாம். எந்த ஆண்டில் மாறியது என்று எங்களிடமுள்ள சான்றைக் கொண்டு சொல்ல முடியாது.’ மருத்துவபீட மாணவர்கள் இப்படி எழுதினால் நாங்கள் முழுப் புள்ளி போடுவோம்.

இனி, எந்தப் பிள்ளையையும் வெளியே விடாமல் என்று தொடக்கத்தில் சொன்னோமே, அதற்கு வருவோம். உட்படுத்தல் கல்வி என்றதும் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவது நினைவுக்கு வரும். அது வேண்டும். அந்தக் குழுவில் பார்வை மிகக் குறைந்த மாணவி ஒருத்தி இருந்தாள். தேசப்படம் அவளுக்கு வெற்றுக் காகிதம். தோழிகள் கம்பளி நூலை ஒட்டி ஒழுங்கைகளையும் மஞ்சாடி விதைகளை ஒட்டிக் கிணறுகளையும் செய்தார்கள். அவள் விரலால் தடவி, “விதைகள் எல்லாம் ஒரு பக்கத்திலேயே குவிந்திருக்கே, மற்றப் பக்கத்தில் ஆட்கள் இல்லையோ?” என்று கேட்டாள். கண்ணால் பார்த்த இருபத்து மூன்று பேரும் கேட்காத கேள்வி அது. அதன் பிறகு எல்லோரும் அந்தப் படத்தையே பாவித்தார்கள். அவளுக்காகச் செய்தது எல்லோருக்கும் உதவியது.

இன்னொருத்தியின் குடும்பம் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, பிறகு இங்கே வந்தது. அவளுக்கு இந்த ஊரில் கிணற்றுப் பங்கும் இல்லை, கேட்பதற்கு அம்மம்மாவும் இல்லை. ஆசிரியை அவளைத் தன் குடும்பத்துத் தண்ணீரின் கதையைக் கொண்டுவரச் சொன்னார். அவள் லயத்துப் பீலிக்கரையைப் பற்றிக் கேட்டெழுதி வந்தாள். விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போகுமுன் பெண்கள் பீலியடியில் வரிசையில் நின்ற கதையை வகுப்பு அமைதியாகக் கேட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோர் யார் என்ற பாடம் அன்று ஒரு மேசையில் வந்து அமர்ந்தது.

வேறொரு பிள்ளை தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பேச விரும்பவில்லை. காரணம் கேட்கப்படவில்லை. அவள் மழைவீழ்ச்சித் தரவுகளைத் தொகுக்கும் வேலையை எடுத்துக்கொண்டு அதை மிக நன்றாகச் செய்தாள். இதை வைத்தியர்களாக அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் வகுப்பறைகளில் தகப்பன் காணாமல் போன பிள்ளைகளின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக் கதையைக் கேட்டு வா என்பது சில பிள்ளைகளுக்கு ஆறாத புண்ணைத் தொடுவதாகும். ஆகவே எப்போதும் இரண்டு மூன்று தெரிவுகள் இருக்க வேண்டும். மறுக்கும் உரிமை பிள்ளைக்கும் பெரியவருக்கும் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை கலங்கினால் யாரிடம் அனுப்புவது என்று ஆசிரியை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்கப் பழக்குவதில் கேட்காமல் விடவேண்டிய இடத்தைப் பழக்குவதும் அடங்கும்.

கிணறு ஓர் உதாரணம் மட்டுமே. இதேபோல் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கேள்வி போதும். பெண்கள் பாடசாலையில் கேட்கத் தகுந்த ஒன்றைச் சொல்கிறோம். 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அந்த முதல் தேர்தலில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் வாக்களிக்கவில்லை. ஏன்? யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பூரண சுயாட்சி கேட்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. பகிஷ்கரிப்பை முடிவு செய்தபோது பெண்களிடம் யாராவது கேட்டார்களா? இதற்கிடையே 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அரசாங்க சபைக்குத் தெரிவானார். இவை இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வகுப்பு ஒரு மாதம் விவாதிக்கும்.

மற்றது நம் மாகாணத்துக்கு வெளியேயுள்ள கேள்வி. 1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிகவும் பாதிக்கப்பட்டன. மழை குறைந்த ஆண்டில் நுளம்பு ஏன் பெருகியது? ஆறுகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. நுளம்பு அங்கே முட்டையிட்டது. பசியால் மெலிந்திருந்தவர்கள் முதலில் இறந்தார்கள். சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் இறந்த கதையை யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் நாட்டின் கதையாகப் படிக்க வேண்டும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றபோது, அதில் எல்லா இனத்து நுளம்பு ஒழிப்பு ஊழியர்களின் உழைப்பும் இருந்தது.

இன்னொன்று சங்கடமானது. 1981இன் பின் முழு நாட்டுக்குமான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இரண்டையும் அருகில் வைத்து, யார் குறைந்தார்கள், எங்கே போனார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? புலம்பெயர்ந்த நம் உறவுகளைப் பற்றிச் சொல்வோம். இறந்தவர்களைப் பற்றிச் சொல்வோம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் துன்பத்தை மட்டும் எண்ணக் கற்ற பிள்ளைக்கு எண்ணவே தெரியாது.

பழையதைக் கிளறுவதால் பிள்ளைகள் பிரிந்து போவார்களே என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான பயம். ஆனால் அந்த வாங்கிலிருந்த இரண்டு சிநேகிதிகளும் இன்றும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். வீட்டில் அரைகுறையாகக் காதில் விழுவதும் கைத்தொலைபேசியில் கோபத்தோடு வருவதும்தான் பிள்ளைகளைப் பிரிக்கின்றன. ஆசிரியை பக்கத்தில் நிற்க, சான்றை மேசையில் வைத்துப் பேசினால் கோபத்துக்கு வேலை குறைவு. பரீட்சைக்கு நேரம் போதாதே என்றும் கேட்டார்கள். ஒவ்வொரு பாடத்தையும் இப்படிக் கற்பிக்க முடியாது, தேவையுமில்லை. எல்லா நோயாளிக்கும் எல்லாப் பரிசோதனையும் நாங்கள் செய்வதில்லை. ஆனால் ஒரு நோயாளியையாவது முழுமையாகக் கேட்டறியாதவர் வைத்தியராக முடியாது. தவணைக்கு ஒரு தேடலைப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆசிரியைக்கு மேலதிகச் சுமையும் வராது.

சகோதரிகளே, இப்போது பழைய மாணவிகளாகிய நம் பங்கு. நூற்றாண்டுக்கு என்ன தரலாம் என்று கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் கேட்டிருக்கின்றன. கட்டடமும் கணினியும் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. இம்முறை மூன்று சிறிய காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, நம் பாடசாலையின் சேர்விடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் கறையான் தின்னுமுன் படமெடுத்துப் பாதுகாப்போம். அவற்றிலுள்ள ஆட்களின் மானம் காக்கப்படும் விதத்தில், அதிபரின் அனுமதியோடு, மாணவியர் பார்ப்பதற்கு வழி செய்வோம். நம் சங்கம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், 1929இல், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தரவேண்டுமென்று அரசு பணித்தது. அதை எதிர்த்துக் குடாநாட்டில் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் நம் வகுப்பறைகளில் யார் வாங்கில் இருந்தார்கள், யார் நிலத்தில் இருந்தார்கள், யார் வாசலுக்கே வரவில்லை? நம் சொந்த ஏடுகளைத் திறந்து பிள்ளைகள் பார்க்கட்டும். பெருமைப்படவும் இருக்கும், தலைகுனியவும் இருக்கும். நூறு வயதான ஒரு சங்கம் இரண்டையும் தாங்கும்.

இரண்டாவது, உங்கள் நினைவைத் தாருங்கள். மாதம் ஒரு முறை ஒரு பழைய மாணவி ஒரு வகுப்போடு தொலைபேசித் திரையில் அரை மணித்தியாலம் பேசலாம். சொற்பொழிவு வேண்டாம், பிள்ளைகள் கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இந்த மலரின் குழுப் படங்களைப் பாருங்கள். விடுதியில் சமைத்தவரும், மணியடித்தவரும், தரம் 8இல் படிப்பை விட்டுத் தோட்டத்துக்குப் போன நம் வகுப்புத் தோழியும் அவற்றில் இல்லை. அவர்களைத் தெரிந்தவர்கள் நீங்கள்தாம். அவர்களின் பெயரையும் கதையையும், அவர்கள் இருந்தால் அவர்களின் சம்மதத்தோடு, எழுதி அனுப்புங்கள்.

மூன்றாவது, காசு கொடுப்பவர்கள் ஆசிரியைகளுக்குக் கொடுங்கள். வெளிக்களப் பயணத்துக்கு பஸ் கூலி, தொட்டு உணரும் தேசப்படத்துக்குப் பொருட்கள், ஆவணப் பிரதிகள், ஓர் ஆசிரியை இரண்டு நாள் பயிற்சிக்குப் போகும்போது பதிலாள் ஏற்பாடு, இவைதாம் தேவை. கல்வெட்டில் உங்கள் பெயர் பொறிக்க இதில் இடமில்லை. ஆனால் எங்கோ ஒரு பிள்ளை, “மிஸ், இது உண்மையென்று எப்படித் தெரியும்?” என்று மரியாதையோடும் துணிவோடும் கேட்பாள்.

எங்கள் தலைமுறை அந்தக் கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு வளர்ந்தது. இன்று முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு வளரட்டும். கேட்கும்போது பக்கத்து வாங்கில் இருப்பவளின் விடைக்கும் காது கொடுக்கட்டும். அதற்கு வேண்டிய ஆசிரியைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோள்கொடுக்க நூறாண்டு பழைமையான ஒரு சங்கமும் இருக்கிறது.